பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் (பிஜிவி) சிக்காத ரெஸ்யூம் எழுதுவது எப்படி

ரெஸ்யூம் எழுத உட்காரும் முன் இரண்டு தளங்களைத் திறந்து பாருங்கள். உங்கள் பிஎஃப்புக்கான யுஏஎன் எண்ணைப் போட்டு, பிஎஃப்பைக் கவனிக்கும் இபிஎஃப்ஓவின் தளத்துக்குள் போனால் சர்வீஸ் ஹிஸ்டரி இருக்கும்: எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று. வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் இருக்கும்: உங்கள் சம்பளத்தில் யார் யார் வரி பிடித்தார்கள் என்று. ஆஃபர் கொடுத்த பிறகு பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன், அதாவது ரெஸ்யூமில் சொன்னதெல்லாம் உண்மையா என்ற சோதனை, செய்பவர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் பார்க்கப்போவதை முதலில் நீங்கள் பார்த்துவிட்டு, ரிலீவிங் லெட்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருக்கும் தேதிகளை அப்படியே ரெஸ்யூமில் எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதாதீர்கள்.

சில நேரம் பிஎஃப் பதிவிலேயே தப்பு இருக்கும், பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமலே விட்டிருக்கும். அதனால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததுபோலத் தெரியும். அந்தக் கம்பெனி கடைசியாகப் பிஎஃப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தால், அந்தத் தளத்திலேயே ஆதார் ஓடிபி மூலம் விலகிய தேதியை நீங்களே பதியலாம். சின்ன கம்பெனி, பிஎஃப்பே இல்லை என்றால் சம்பளம் வரவு வைக்கப்பட்ட பேங்க் ஸ்டேட்மெண்ட்டை எடுத்து வையுங்கள்.

தேதியில் நடக்கும் பொய் பெரும்பாலும் சின்னதுதான். மார்ச்சில் விட்ட வேலையை ஜூலை வரை இழுத்துப்போட்டு நடுவிலிருக்கும் கேப்பை மூடுவது. வேண்டாம். மாதமும் வருடமும் போட்டு எழுதுங்கள், கேப்புக்கு ஒரே ஒரு வரி போதும்: “2022 ஏப்ரல் – 2023 மே: டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வுக்குப் படித்தேன்.” அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, குழந்தை பிறந்தது, லேஆஃப் ஆனது, எதுவானாலும் இப்படியே. லேஆஃப் என்று சொல்லக் கூச்சப்பட ஒன்றுமில்லை, எதிரே உட்கார்ந்திருப்பவரின் நண்பர்கள் பாதிப் பேருக்கு அது நடந்திருக்கும்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன், ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ். வேலை கிடைக்காத ஃப்ரெஷரிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, பெயருக்கு மட்டும் இருக்கும் ஒரு கம்பெனியின் ஆஃபர் லெட்டர், பேஸ்லிப், மூன்று வருட எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், எச்ஆர் என்று போனில் பேச ஒரு ஆள், எல்லாம் சேர்த்துக் கொடுக்கும் கன்சல்டன்சிகள் இருக்கின்றன. “எல்லாரும் இப்படித்தான் உள்ளே போகிறார்கள்” என்று சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். இப்படிச் சில கம்பெனிகளின் ஆவணங்களையும் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்களையும் காட்டிச் சேர்ந்தவர்களை வெளியேற்றியதாக ஆக்சென்ச்சர் 2022 நவம்பரில் வெளிப்படையாகவே சொன்னது. ஒரு போலிக் கம்பெனி பிடிபட்டால் அதன் பெயரில் ஏற்கெனவே சேர்ந்திருப்பவர்களையும் தேடுவார்கள், நீங்கள் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தாலும், நன்றாகவே வேலை செய்திருந்தாலும் சரி. அப்போது நீங்கள் இழப்பது அந்த வேலையை மட்டும் இல்லை. உண்மையாகவே உழைத்த அந்த இரண்டு வருடத்தையும் அடுத்த இடத்தில் காட்ட ஒழுங்கான ரிலீவிங் லெட்டர் இருக்காது. போலி ஆவணத்தைக் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்பது வேறு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த இடத்துக்கு உண்மையான மூன்று வருட அனுபவத்தோடு விண்ணப்பித்த யாரோ ஒருவர் உங்களால் வெளியே நிற்கிறார். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட உறுத்துகிறது.

பெரிய பதவியில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். யாஹூவின் சிஇஓ ஸ்காட் தாம்சன் படித்தது அக்கவுண்டிங், ஆனால் அவருடைய குறிப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டமும் சேர்த்துப் போடப்பட்டிருந்தது. 2012 ஜனவரியில் பதவிக்கு வந்தவர், அது வெளியே வந்து மே மாதமே போக வேண்டியதாகிவிட்டது.

அடுத்தது ப்ராஜெக்ட் பகுதி. பேங்க் ப்ராஜெக்ட் ஒன்றில் சப்போர்ட் வேலை பார்த்த ஒருவர் இப்படி எழுதுவார்: “ஸ்பிரிங் பூட்டில் பேமெண்ட் மாட்யூலை வடிவமைத்து உருவாக்கினேன்.” இன்டர்வியூவில் முதல் கேள்வி, ஒரே பேமெண்ட் இரண்டு தடவை வந்தால் எப்படித் தடுத்தீர்கள் என்பதாக இருக்கும். வடிவமைத்தவருக்கு அது தெரியாமல் இருக்காது, இவர் முழிப்பார். அவர் உண்மையில் செய்ததை எழுதினால் இப்படி வரும்: “பேமெண்ட் மாட்யூலில் வரும் டிக்கெட்டுகளைப் பார்த்தேன். இரவு பேட்ச் அடிக்கடி நின்றுபோனதற்கு டேட்டாபேஸ் கனெக்ஷன்கள் மூடப்படாததுதான் காரணம் என்று லாகிலிருந்து கண்டுபிடித்து, சரிசெய்து, அதற்கு டெஸ்ட்டும் எழுதினேன்.” நான் இன்டர்வியூ எடுக்கும்போது இந்த இரண்டாவது ஆளிடம்தான் அதிக நேரம் பேசுவேன். நீங்கள் செய்ததை “நான்” என்றும் டீம் செய்ததை “எங்கள் டீம்” என்றும் பிரித்து எழுதுங்கள். ஸ்கில்ஸ் பகுதியிலும் வேலையில் பயன்படுத்தியது, சொந்தமாகச் செய்து பார்த்தது என்று இரண்டு வரியாகப் பிரியுங்கள். யூடியூபில் பார்த்ததோடு நிற்பது எதிலும் வேண்டாம்.

மார்க்கில் 59.4-ஐ 60 ஆக்காதீர்கள், மார்க் ஷீட்டை எப்படியும் கேட்பார்கள். அரியர் வைத்து கிளியர் செய்திருந்தால் ரெஸ்யூமில் எழுதத் தேவையில்லை, ஆனால் ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சம்பளமும் அப்படியே: ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் எதிர்பார்ப்பை மட்டும் சொல்லலாம், பேஸ்லிப்பில் கைவைப்பது மட்டும் கூடவே கூடாது.

எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்றும் இல்லை. கல்யாணமாகிவிட்டதா, என்ன ஜாதி, அப்பா என்ன வேலை, எதுவும் ரெஸ்யூமில் தேவையில்லை. இரண்டு மாதத்தில் விட்டுவிட்ட வேலையை ரெஸ்யூமில் எழுதாமல் இருக்கலாம். ஆனால் பிஜிவி ஃபார்மில் எல்லா வேலையையும் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள், அங்கே ஒன்றையும் விடக் கூடாது. பிஎஃப் பதிவில் அந்த இரண்டு மாதமும் இருக்கும்.

சரி, தப்பான ரெஸ்யூம் ஏற்கெனவே போய்விட்டது, என்ன செய்வது? ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்பே எச்ஆருக்கு மெயில் அனுப்புங்கள். “நான் அனுப்பிய ரெஸ்யூமில் முந்தைய வேலையின் தேதியும் பொறுப்பும் தவறாக இருந்தன, திருத்தியதை இணைத்திருக்கிறேன், மன்னிக்கவும்” என்றால் போதும், நீளமாக விளக்கம் வேண்டாம். சில இடங்களில் அதோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். சில இடங்களில் திருத்திய ரெஸ்யூமை வைத்து இன்னொரு ரவுண்டு இன்டர்வியூ எடுப்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள். நௌக்ரி, லிங்க்டுஇன் இரண்டிலும் இருக்கும் பழைய தேதிகளையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.