ரிக்வயரை இம்போர்ட்டாக மாற்றும்போது சறுக்கும் இடங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணத்தில், லோரி எடை போட எழுதிய பழைய நோட்.ஜேஎஸ் நிரல் சுலபத்தில் ஓய்வு பெறாது. அதில் மற்றக் கோப்புகளை அழைக்கும் பழைய 'ரிக்வயர்' வரிகளை 'இம்போர்ட்' என்ற புது மாட்யூல் முறைக்கு மாற்ற உட்காரும் பிள்ளைகள் விழுவது ஒரே குழிகளில்தான். அடைப்புக்குறி விட்டுப்போனால் நோடே கத்திச் சொல்லிவிடும், அதை விடுங்கள்.

வரிசை மாறாது என்று நம்புவது

மற்றத் தவறுகள் நிரலை நிறுத்தும். இது நிறுத்தாது, அதுதான் எரிச்சல். பழைய கோப்பில் முதல் வரி, சர்வர் முகவரி போன்றவை இருக்கும் .என்வ் கோப்பைப் படிக்க, டாட்என்வ் என்ற பேக்கேஜின் கான்ஃபிக்கை அழைக்கும். அடுத்த வரி டேட்டாபேஸ் கோப்பை ரிக்வயர் செய்யும். ரிக்வயர் சாதாரண ஃபங்ஷன், எழுதிய வரிசையில் ஓடும். இரண்டையும் அப்படியே இம்போர்ட்டாக்கி, நடுவில் கான்ஃபிக் அழைப்பை வைத்தால் பார்வைக்கு அதே வரிசைதான். ஆனால் இம்போர்ட் எங்கே இருந்தாலும், கோப்பின் மற்ற வரிகளுக்கு முன்பே ஓடி முடிந்துவிடும். டேட்டாபேஸ் கோப்பு சர்வர் முகவரியைத் தேடும் நேரத்தில் .என்வ் படிக்கப்பட்டே இருக்காது. கிடைப்பது அன்டிஃபைன்ட், அதாவது முகவரியே இல்லை.

அங்கே 'இல்லையென்றால் லோக்கல்ஹோஸ்ட்' (நிரல் ஓடும் அதே கணினி) என்று யாராவது எழுதி வைத்திருந்தால் போச்சு. செம்பனைக் குலை லோரி வரும், சீட்டு அச்சாகும், எடை மட்டும் அதே கணினியில் கிடக்கும் சோதனை டேட்டாபேஸில் போய் விழும். சிவப்பு வரி ஒன்றுகூட வராது. மாதக் கடைசியில் கிராணி டன் கணக்கைக் கூட்டும்போதுதான் குட்டு உடையும். பிறகு சீட்டுக் கட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.

இம்போர்ட்டுகள் தங்களுக்குள் எழுதிய வரிசையில் ஓடும். அதனால் நிரல் தொடங்கும் நுழைவுக் கோப்பின் முதல் இம்போர்ட்டாக 'டாட்என்வ்/கான்ஃபிக்' என்பதைப் போடுங்கள். நோட் 20.6 முதல், ஓட்டும் கட்டளையிலேயே என்வ்-ஃபைல் விருப்பத்தைக் கொடுக்கலாம், டாட்என்வ்வே தேவைப்படாது. எது செய்தாலும் அந்த லோக்கல்ஹோஸ்ட்டைத் தூக்கிவிட்டு, முகவரி இல்லையென்றால் எரர் எறிய வையுங்கள்.

'டைப்: மாட்யூல்' முதலில் போடுவது

நிரலின் அமைப்புக் கோப்பான பேக்கேஜ்.ஜேசனில் அந்த வரி ஏறியதும் எல்லா .ஜேஎஸ் கோப்பும் புது முறைக்குப் போய்விடும், ரிக்வயர் உள்ளவை படுத்துவிடும். இன்னும் மாற்றாதவற்றுக்கு .சிஜேஎஸ் என்று பெயர் வையுங்கள்.

எல்லாவற்றையும் டிஃபால்ட்டில் திணிப்பது

பழைய முறையில் மற்றக் கோப்புகளுக்குக் கொடுக்க மாட்யூல்.எக்ஸ்போர்ட்ஸில் இருந்த ஆப்ஜெக்ட்டை எக்ஸ்போர்ட் டிஃபால்ட் ஆக்கினால், நெளிவு அடைப்புக்குள் பெயர் சொல்லி இம்போர்ட் செய்ய முடியாது. ஃபங்ஷன் ஒவ்வொன்றின் முன்னும் எக்ஸ்போர்ட் போடுங்கள்.

கோப்புப் பெயரில் .ஜேஎஸ்

நாமே எழுதிய கோப்பை இம்போர்ட் செய்யும்போது, பெயரின் கடைசியில் .ஜேஎஸ் போடுவது நோடில் கட்டாயம்.

டைர்நேம்

கோப்பு இருக்கும் ஃபோல்டரைச் சொல்லும் பழைய டைர்நேம் புது முறையில் கிடையாது. நோட் 20.11 முதல் அதற்குப் பதில் இம்போர்ட்.மெட்டா.டைர்நேம்.