பி.எம்.பி. எழுதலாமா? பணம் கட்டுமுன் பார்க்கவேண்டிய கணக்கு

மாகாணத் திணைக்களம் ஒன்றில் நிரந்தர நியமனத்தில் இருக்கும் பொறியியலாளருக்கு, திட்ட முகாமைத்துவத்துக்கான சர்வதேசச் சான்றிதழான பி.எம்.பி.யால் அடுத்த மாதச் சம்பளத்தில் ஒரு சதமும் கூடாது. அங்கே சம்பளம் சேவைப் பிரமாணத்தையும் தரத்தையும் பார்த்துத்தான் ஏறும். அதே ஆள் கட்டாரிலோ டுபாயிலோ உள்ள கட்டட நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால், அந்தச் சான்றிதழ் இல்லாத காரணத்துக்காகவே விண்ணப்பம் முதல் சுற்றில் விழக்கூடும். ஆகவே முதலில் முடிவுசெய்ய வேண்டியது எந்த வேலைக்குப் போகப்போகிறோம் என்பதை.

சான்றிதழை வழங்கும் அமெரிக்காவின் பி.எம்.ஐ. நிறுவனமே சம்பள ஆய்வு வெளியிடுகிறது. சான்றிதழ் உள்ளவர்கள் இத்தனை வீதம் கூடுதலாக உழைக்கிறார்கள் என்று அது காட்டும். பயிற்சி வகுப்பு விளம்பரங்களும் அந்த வீதத்தைத்தான் பெரிதாகப் போடும். ஆனால் பட்டதாரி ஒருவர் இந்தப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கவே 36 மாதம் திட்டங்களை முன்னின்று நடத்தியிருக்க வேண்டும். டிப்ளோமாவோ உயர்தரமோ மட்டும் முடித்தவருக்கு 60 மாதம். அத்தனை அனுபவம் உள்ளவர் எப்படியும் கூடுதலாகத்தான் உழைப்பார். அந்த வித்தியாசம் முழுவதையும் சான்றிதழின் கணக்கில் எழுத முடியாது. அந்த வீதத்தை எடுத்து உங்கள் சம்பளத்தோடு பெருக்கிப் பார்க்க வேண்டாம்.

அதைவிட நம்பகமான கணக்கு ஒன்று உண்டு. நீங்கள் உண்மையில் விண்ணப்பிக்கக்கூடிய 30 வேலை விளம்பரங்களை எடுங்கள். யாழ்ப்பாணம், கொழும்பு, வெளிநாடு என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் பி.எம்.பி. கட்டாயமா, மேலதிகத் தகைமையா, பேச்சே இல்லையா என்று குறியுங்கள். கட்டாயம் என்பது ஐந்துக்குக் குறைவாக வந்தால் இந்த வருடம் அந்தப் பணத்தை வேறு பயிற்சியில் போடுவதே நல்லது. அரசசார்பற்ற நிறுவன வேலைகளையே தேடுபவர் அந்தத் துறைக்கென்றே அமைந்த புரொஜெக்ட் டிபுரோ சான்றிதழையும், பிரித்தானியப் பக்கம் பார்ப்பவர் பிரின்ஸ்2 சான்றிதழையும் அதே 30 விளம்பரங்களில் தேடிப் பார்க்க வேண்டும். அனுபவம் போதாத இளையவர்களுக்கு பி.எம்.ஐ.யின் ஆரம்பநிலைச் சான்றிதழான சி.ஏ.பி.எம். இருக்கிறது, 23 மணிநேரப் பயிற்சி போதும். அது முதல் நேர்முகப் பரீட்சைக்கு உதவும், சம்பளத்தைப் பெரிதாகத் தூக்காது.

அடுத்தது செலவு. பரீட்சைக் கட்டணம் டொலரில், அதுவும் பெரும்பாலும் கடனட்டை மூலம் போகும். கட்டும் நாளில் வங்கி போடும் மாற்று வீதத்தைப் பாருங்கள். 35 மணிநேர வகுப்பு, மாதிரிப் பரீட்சைகள், கொழும்புப் பயணமும் தங்குமிடமும், தோற்றால் மறுதடவைக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். மொத்தம் மூன்று இலட்சம் ரூபாய், எதிர்பார்க்கும் சம்பள உயர்வு மாதம் 15,000 என்று வைத்தால், போட்ட காசு திரும்ப 20 மாதம். நீங்கள் வேலைசெய்யும் நிறுவனமே கட்டுகிறது என்றால் எத்தனை வருடம் விலகாமல் இருக்கவேண்டும் என்ற ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

விண்ணப்பத்தில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஒரே மாதத்தில் இரண்டு திட்டம் நடந்திருந்தாலும் அது ஒரு மாதம்தான்; இரட்டிப்பாகக் கூட்டி 36 காட்டினால் ஏற்கமாட்டார்கள். “தள பொறியியலாளராகக் கடமையாற்றினேன்” என்று எழுதினால் திட்டத்தை நடத்தியதாகக் கொள்ளமாட்டார்கள். இப்படி எழுதுங்கள்: “கிளிநொச்சியில் மூன்று மாடிப் பாடசாலைக் கட்டடம், 14 மாதம். கால அட்டவணை தயாரித்தேன், இரண்டு உப கொந்தராத்துக்காரரின் வேலையை ஒழுங்குபடுத்தினேன், மழைக்காலத் தாமதத்துக்கான மாற்றத் திட்டத்துக்கு அனுமதி பெற்றேன்.” சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கு எடுப்பார்கள், அப்போது அந்தக் காலத்து மேலதிகாரி உறுதிப்படுத்த வேண்டும். அவர் கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போயிருக்கலாம். விண்ணப்பிக்குமுன்பே தொடர்பு எடுத்துச் சொல்லிவையுங்கள்.

பெயரையும் கவனியுங்கள். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா, முதலெழுத்தா முழுப்பெயரா என்பதில் எங்கள் ஆவணங்கள் ஒன்றுக்கொன்று மாறும். கடவுச்சீட்டில் உள்ளபடியே பதியுங்கள். பரீட்சை நாளில் பெயர் ஒத்துவராவிட்டால் உள்ளே விடாமல் திருப்பிவிடலாம், கட்டிய பணமும் போகலாம்.

2021 இல் நடைமுறைக்கு வந்த அமைப்பில் 180 கேள்விகள், 230 நிமிடம். 60 ஆம், 120 ஆம் கேள்விக்குப் பின் பத்து நிமிட இடைவேளை. இடைவேளைக்குப் பின் பழைய பகுதிக்குத் திரும்ப முடியாது. ஒவ்வொரு 60 கேள்விக்கும் 76 நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் பழகுங்கள். அமைப்பு இடையிடையே மாறும், ஆகவே பதியும்போது பி.எம்.ஐ. தளத்தில் உள்ளதை எடுத்துப் படியுங்கள்.

கேள்விகள் பெரும்பாலும் மனப்பாடத்தைச் சோதிப்பதில்லை. ஒரு நிலைமையைச் சொல்லி, முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்கும். ரொறன்ரோவில் இருக்கும் வீட்டுக்காரர் நேரே மேசனுக்கு அழைத்து, மாடிப்படியை மறுபக்கம் மாற்றச் சொல்கிறார் என்று வையுங்கள். உடனே செய்துகொடுப்பதும் பிழை, முடியாது என்பதும் பிழை. செலவும் நாளும் எவ்வளவு கூடும் என்று முதலில் பார்த்து, பிறகு மாற்றக் கோரிக்கையாக அனுமதிக்கு அனுப்புவதுதான் விடை. தளத்தில் பல வருடம் நின்றவர்கள் பழக்கதோசத்தில் நேரே வேலையில் இறங்கும் விடையைத் தெரிவுசெய்து புள்ளி இழப்பது இங்கேதான்.

வீட்டில் இருந்து இணையவழியே எழுதலாம். மின்தடையும் இணைய வெட்டும் வரும் வீடு என்றால் கொழும்புப் பரீட்சை நிலையம் பாதுகாப்பு. முதல்நாளே போய்த் தங்குங்கள். இரவு பஸ்ஸில் இறங்கி நேரே போய் நாலு மணித்தியாலம் உட்கார்ந்தால் கடைசி 60 கேள்வி தலைக்குள் ஏறாது.

சித்தியடைந்தபின் சான்றிதழை மட்டும் நீட்டிச் சம்பளம் கேட்டால் வாழ்த்துத்தான் கிடைக்கும். கடந்த வருடம் எந்தத் திட்டத்தில் எத்தனை நாள் மிச்சம், எவ்வளவு செலவு குறைவு என்று ஒரு பக்கத்தில் எழுதி அதோடு கொண்டுபோங்கள். கேட்கும் நேரம் அடுத்த வருட வரவுசெலவுத் திட்டம் போடுமுன் இருக்கட்டும். அதற்குப் பிறகு கேட்டால் முகாமையாளர் விரும்பினாலும் ஒதுக்கப் பணம் இருக்காது.

சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குள் 60 பி.டி.யு. (தொடர்கற்றல் அலகு) சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். ஒரு மணிநேரக் கற்றலுக்கு ஒன்று. மாதம் இரண்டு மணிநேரம் ஒதுக்கி உடனுக்குடன் பதிந்துவந்தால் இரண்டரை வருடத்தில் முடிந்துவிடும்.