குராபியேதெஸ் பிஸ்கட்டில் சர்க்கரையைக் குறைக்க

கிறிஸ்துமஸுக்குக் கிரேக்க வீடுகளில் செய்யும் குராபியேதெஸ் என்னும் வெண்ணெய் பிஸ்கட்டைச் சுட்டெடுத்ததும் பொடித்த சர்க்கரையில் புதைத்து வைக்காமல், கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் சல்லடையால் ஒரே ஒரு முறை மெல்லியதாகத் தூவுங்கள். மாவில் சேரும் சர்க்கரை சிறிதளவே. இனிப்பின் பெரும்பங்கு மேற்பூச்சில் இருப்பதால், அதைக் குறைத்தாலும் வாயில் வைத்ததும் உதிரும் அந்த அருமையான பதம் கெடுவதில்லை, வறுத்த பாதாமின் மணமும் ரோஜாப் பன்னீரின் வாசமும் இன்னும் தெளிவாகத் தெரியும். கொதிக்கக் கொதிக்கத் தூவினால் சர்க்கரை ஆவியில் நனைந்து திட்டுத்திட்டாகிவிடும். முழுதும் ஆறவிட்டால் சரியாக ஒட்டாது.

ஈஸ்டருக்குச் செய்யும் கூலூராக்கியா என்னும் கிரேக்க பிஸ்கட்டில் சர்க்கரை மாவிலேயே கலந்திருப்பதால், இந்த வழி அதற்குப் பொருந்தாது. மேற்பூச்சைக் குறைப்பதால் குராபியேதெஸில் வெண்ணெயின் அளவு குறையாது. 1 கிராம் கொழுப்பில் 9 கலோரி இருப்பதால், வெண்ணெயால் சேரும் கலோரியைக் குறைக்க உருண்டைகளைச் சிறியதாகப் பிடிப்பதே வழி.