கதையை ஆபத்தான இடத்தில் நிறுத்துங்கள்

பிள்ளைகளுக்குக் கதை சொல்லி முடித்ததும் "இதனால் அறியப்படும் நீதி" என்று ஆரம்பிக்காதீர்கள், அந்த நொடியே கதை தமிழ் வகுப்புப் பயிற்சித்தாள் ஆகிவிடும். பழைய கதைகள் நல்லவராக இருக்கவும் சொல்லித் தருகின்றன, உயிர் பிழைக்கவும் சொல்லித் தருகின்றன. இரண்டும் எல்லா நேரமும் ஒத்துப்போவதில்லை. அவை எங்கே முட்டிக்கொள்கின்றனவோ அங்கேதான் நிறுத்த வேண்டும்.

பஞ்சதந்திரத்துக் குரங்கையும் முதலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். நடு ஆற்றில், முதுகில் ஏற்றிக்கொண்ட பிறகு, "என் மனைவிக்கு உன் இதயம் வேண்டும்" என்கிறது முதலை. இங்கே நிறுத்தி, "நீயா இருந்தா என்ன செய்வே?" என்று கேளுங்கள். பதில் ஆங்கிலத்தில் வந்தாலும் திருத்தாதீர்கள், நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக் குரங்கு தப்பித்ததும், "பொய் சொல்றது தப்பில்லையா?" என்று பிள்ளை கட்டாயம் கேட்கும். மழுப்ப வேண்டாம். லாபத்துக்காக நண்பனை ஏமாற்றுவது வேறு, கொல்ல வருபவனிடமிருந்து தப்பிப்பது வேறு என்று நேராகவே சொல்லுங்கள். அப்புறம் நம் சிங்கப்பூருக்குக் கொண்டு வாருங்கள்: அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் தெரியாத ஒருவர் "அம்மா கூப்பிடுறாங்க, வா" என்றால், பயத்தைக் காட்டாமல் "பையை எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஆள் நடமாட்டம் உள்ள கடைக்குள் போய்விட வேண்டும். குரங்கு செய்ததும் இதேதான், கரைக்குத் திரும்ப ஒரு காரணம் கண்டுபிடித்தது. இதை வீட்டிலேயே நடித்துப் பாருங்கள்.

அடுத்து, சிங்கப்பூரின் ரெட்ஹில் (செங்குன்று) என்ற இடத்துக்கு அந்தப் பெயர் வந்த கதை. கூர்மூக்கு மீன்கள் கடற்கரையில் மக்களைக் குத்திக் கொல்கின்றன, ராஜாவோ ஆட்களை வரிசையாக நிறுத்திக் காலாலேயே வேலி போடச் சொல்கிறார், ஒரு சிறுவன்தான் வாழைத்தண்டை நட்டால் மீன்களின் மூக்கு அதில் சிக்கிக்கொள்ளும் என்கிறான். ஊர் பிழைக்கிறது, ஆனால் இவ்வளவு புத்திசாலி வளர்ந்தால் ஆபத்து என்று ராஜா அவனைக் கொல்ல வைக்கிறார், அவன் ரத்தத்தால்தான் குன்று சிவந்தது என்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வாழைத்தண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். எட்டு வயதுக்கு மேல் என்றால் முழுவதையும் சொல்லுங்கள், அறிவு இருந்தும் காப்பாற்றப்படாத ஒருவனின் கதையும் அவர்களுக்கு வேண்டும். "யார் அவன் பக்கம் பேசியிருக்கணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

மறுநாள் அதே கதையைப் பாட்டியிடமோ தம்பியிடமோ பிள்ளையே சொல்லட்டும். முடிவை மாற்றினால் குறுக்கிடாமல், ஏன் மாற்றினாய் என்று அப்புறம் கேளுங்கள்.