பொன்னாடை போர்த்தப்பட்ட மறுநாள் செய்ய வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் மேடைக்குப் பஞ்சமில்லை. கோயில் திருவிழா, பரிசளிப்பு விழா, தமிழ்த் தினப் போட்டி, அரங்கேற்றம், நூல் வெளியீடு என்று ஆண்டு முழுவதும் யாரோ ஒருவருடைய தோளில் பொன்னாடை விழுந்துகொண்டே இருக்கிறது. அதைப் பெறுபவரின் மகிழ்ச்சி உண்மையானதே. ஆனால் அந்த மகிழ்ச்சியையே வாழ்வின் நிறைவாக எண்ணி அடுத்த மேடைக்குக் காத்திருப்பவர்கள் விரைவில் வாடிப்போவதைக் கலைஞர்களோடு பழகிய எவரும் கண்டிருப்பார்கள். பாராட்டை ஏற்றுக்கொண்டே அதன் பிடியிலிருந்து விலகியிருக்கச் சில நடைமுறைகள் உதவும்.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலையில், முகநூலில் யார் யார் வாழ்த்தினார்கள் என்று பார்க்குமுன், ஒரு தாளில் இரண்டு விடயங்களை எழுதுங்கள்: சபை எந்த இடத்தில் கைதட்டியது, உங்கள் மனம் எந்த இடத்தில் நிறைந்தது. இரண்டும் ஒரே இடமாக இருப்பது அரிது. கோயில் வீதியில் தவில் கலைஞர்கள் போட்டிபோட்டு வாசிக்கும் தவில் சமரில் வேகம் உச்சத்துக்கு ஏறும்போது கூட்டம் ஆர்ப்பரிக்கும். வாசித்தவருக்கோ, அதற்கு முன் அமைதியான நடையில் ஒரு கணக்குப் பிசகாமல், தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழுந்த இடமே பெரிதாக இருந்திருக்கலாம். இப்படித் தொடர்ந்து எழுதிவரும்போது இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத ஒன்றுமே இல்லாமல் போனால், மேடையைக் குறைத்து, வீட்டில் செய்யும் பயிற்சியாகிய சாதகத்தைக் கூட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

கச்சேரி தொடங்குமுன் நாதஸ்வரக் கலைஞரை அருகில் நின்று கவனித்துப் பாருங்கள். வாத்தியத்தில் தொங்கும், ஊதுவாயில் பொருத்தும் சீவாளிகளுள் ஒன்றை எடுத்து வாயில் நனைத்து, மெல்ல ஊதிப் பார்த்து, மனத்துக்குப் பிடிக்காமல் அதை விட்டுவிட்டு இன்னொன்றை எடுப்பார். ஒலிபெருக்கியில் அறிவிப்புப் போய்க்கொண்டிருக்கும். சபையில் ஒருவரும் அவரைப் பார்ப்பதில்லை. தேடிய நாதம் கிடைத்தவுடன் அவர் முகத்தில் வரும் தெளிவுக்குக் கைதட்டல் எதுவும் தேவைப்படுவதில்லை. உங்கள் தொழிலிலும் இத்தகைய ஒரு பகுதி கட்டாயம் இருக்கும். அதைக் கண்டுபிடித்து, நாளின் நல்ல நேரத்தை அதற்கு ஒதுக்குங்கள். காங்கேசன்துறையின் இசைநாடகக் கலைஞர் நடிகமணி வி. வி. வைரமுத்து, மயான காண்டம் என்னும் நாடகத்தில் அரிச்சந்திரனாகப் பல நூறு தடவை மேடையேறியவர். ஒரே பாத்திரத்துக்கு அத்தனை தடவை உயிர் கொடுக்கப் பாட்டிலும் பாத்திரத்திலும் தோய்ந்த ஈடுபாடு வேண்டும். கைதட்டலின் இனிமை அத்தனை காலம் தாங்காது என்பது என் துணிபு.

பாராட்டுக்கு மனம் விரைவில் பழகிவிடுவதே இதற்குக் காரணம். நேற்றுப் போதுமாயிருந்தது இன்று குறைவாகத் தோன்றும். உளவியலாளர்களான டிம் காசரும் ரிச்சர்ட் ரையனும் 1990களில் அமெரிக்காவில் நடத்திய ஆய்வுகளில், பணம், புகழ், தோற்றம் ஆகியவற்றை வாழ்வின் மைய இலக்காகக் கொண்டவர்களிடம் மனநலம் குறைந்தும், உறவையும் தன்வளர்ச்சியையும் சமூகப் பணியையும் மையமாகக் கொண்டவர்களிடம் கூடியும் காணப்பட்டது.

புகழோடு வாழச் சொன்னவர் வள்ளுவர் அல்லவா என்று கேட்பீர்கள். அவர் புகழ் என்னும் அதிகாரத்தை ஈகைக்கு அடுத்ததாகவே வைத்தார். அதன் முதற் குறளும் கொடுப்பதிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே கற்றதைக் கட்டணமின்றி ஒரு பிள்ளைக்காவது சொல்லிக்கொடுங்கள். அந்தப் பிள்ளையின் கை முதல் தடவை சரியாக விழும் நாளில் கிடைக்கும் நிறைவை எந்த மண்டபமும் தராது.

யாருடைய கருத்தை மனத்தில் ஏற்றுவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். குருவும், குறையைக் கூசாமல் சொல்லக்கூடிய இரண்டொருவரும் போதும். பிரதம விருந்தினரின் புகழுரை விழாவுக்குரிய மரியாதை. நன்றியோடு கேட்டு மண்டபத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பெற்றோருக்குக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1973ஆம் ஆண்டு மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும், படம் வரைவதில் இயல்பாகவே விருப்பம் கொண்ட பாலர் பாடசாலைப் பிள்ளைகளுள் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். பின்னர் எவரும் வற்புறுத்தாத வேளையில் கவனித்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களின் ஆர்வமோ குறையவில்லை. வலய மட்டம், மாகாண மட்டம், தேசிய மட்டம் என்று பிள்ளையை ஏற்றிவிடத் துடிக்கும் நம் வீடுகளில் இதை மிகுந்த அக்கறையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். முதலிடம் வந்தால் சைக்கிள் வாங்கித் தருவதாகப் பேரம் பேசாதீர்கள். போட்டி முடிந்து வரும் பிள்ளையிடம் எத்தனையாம் இடம் என்று கேட்குமுன், பாடும்போது எந்த இடம் பிடித்திருந்தது என்று கேளுங்கள். சந்தியில் பதாகை கட்டுவதற்கு முன் பிள்ளையின் விருப்பத்தையும் கேளுங்கள்; அடுத்த ஆண்டு இடம் கிடைக்காவிட்டால் அதே சந்தியால் பாடசாலைக்குப் போக வேண்டியது அந்தப் பிள்ளைதான்.

கௌரவிப்பு அழைப்பு வரும்போது, அந்த மேடையில் உங்கள் கலைக்கு நேரம் தருகிறார்களா என்று விசாரியுங்கள். பொன்னாடைக்கு மட்டுமே நேரம் இருக்குமானால், அன்றைய சாதகத்தைக் கெடுத்துக்கொள்ளாமல், நன்றி கூறி ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிடலாம்.