பழைய லேப்டாப்பில் விண்டோஸ் எக்ஸ்பி: பேஜ்மேக்கர் காலத்துத் தமிழ்க் கோப்புகளைத் திறக்க

அச்சகம் நடத்திய நண்பர் ஒருவரின் வீட்டில் ஓர் அலமாரி நிறைய சிடிகள் இருக்கின்றன. கோயில் தலவரலாறு, பள்ளி ஆண்டு மலர், இரண்டு மூன்று வருடம் வந்து நின்றுபோன சிற்றிதழ், ஊர்க்காரர் ஒருவர் சொந்தச் செலவில் போட்ட கவிதைத் தொகுப்பு. எல்லாமே பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கோத்தவை. அச்சான பிரதிகள் பலவற்றுக்கு இன்று கையில் ஒன்றுகூட இல்லை. புதிய கணினியில் அந்தக் கோப்புகளைத் திறக்க வழி தேடி, கடைசியில் ஒரு பழைய லேப்டாப்பில் விண்டோஸ் எக்ஸ்பியைப் போட்டுக் கொடுத்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அலமாரி இருக்கலாம். அதனால் முதல்முறை செய்பவருக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

ஒரு விஷயம் முதலிலேயே. எக்ஸ்பி வந்தது 2001 அக்டோபரில். மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி நிறுத்திவிட்டது. ஆகவே இது இணையம் பார்க்கிற கணினி அல்ல. பழைய கோப்பைத் திறக்க, பழைய பிரிண்டரை ஓட்ட மட்டும்தான். வெறுமனே கோப்பைத் திறந்து பார்த்தால் போதும் என்றால், புதிய கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடும் மென்பொருள்) போட்டு அதற்குள் எக்ஸ்பியை ஓட்டலாம். ஆனால் அந்தக் காலத்து டிடிபி (பக்க வடிவமைப்பு) மென்பொருள்கள் சில, டாங்கிள் என்ற சிறு பூட்டுக் கருவியைச் செருகினால்தான் இயங்கும். பழைய பிரிண்டர் செருகும் பாரலல் போர்ட்டுக்கான டாங்கிள் என்றால் அந்த போர்ட் இருக்கிற நிஜக் கணினியே வேண்டும். யுஎஸ்பி அடாப்டரை வாங்கி ஏமாற வேண்டாம், பெரும்பாலும் வேலை செய்யாது.

அழிப்பதற்கு முன்

உண்மையான வேலை இங்கேதான். நிறுவுவதற்கு ஒன்றரை மணி நேரம் போதும். தயாரிப்பில் ஒரு நாளை விட்டுவிட்டு, பிறகு டிரைவர் (கணினியின் பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்) தேடி ஒரு வாரம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் கையில் இருந்தது 2007-இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி61. கோர் 2 டியோ பிராசசர், 2 ஜிபி ராம். எக்ஸ்பிக்கு இதுவே தாராளம். மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்தது வெறும் 128 எம்பி ராம்தான். 32 பிட் எக்ஸ்பி 4 ஜிபிக்கு மேல் ராமைப் பார்க்காது என்பதால் கூடுதலாக வாங்கிப் போடுவதில் பயன் இல்லை. 2005 முதல் 2009 வரை வந்த லேப்டாப் எதுவானாலும் கீழே சொல்வது ஏறக்குறைய பொருந்தும்.

லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். அதில் 25 எழுத்துகள் கொண்ட புராடக்ட் கீ இருக்கும். சூட்டிலும் உரசலிலும் எழுத்து மங்கிக்கொண்டே போகும், இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். அந்தக் கீ, லேப்டாப்போடு வந்த ஓஇஎம் சிடிக்கு உரியது. கடையில் தனியாக விற்ற சிடியில் அதை அடித்தால் ஏற்காது. சர்வீஸ் பேக் 3 (மைக்ரோசாஃப்ட்டின் திருத்தத் தொகுப்பு) கொண்ட சிடியாகக் கிடைத்தால் நல்லது. சர்வீஸ் பேக்கே இல்லாத முதல் சிடிக்கு 137 ஜிபிக்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்கை முழுதாகப் பார்க்கத் தெரியாது.

அடுத்து டிரைவர்கள். எக்ஸ்பி போட்டு முடித்ததும் அந்த லேப்டாப்பில் வைஃபை இருக்காது, லேன் இருக்காது, சத்தமும் இருக்காது. அதை வைத்து டிரைவர் தேடிப் பதிவிறக்க முடியாது. எனவே இன்னொரு கணினியிலிருந்து, தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, சிப்செட், கிராஃபிக்ஸ், லேன், ஆடியோ, டச்பேட் ஆகியவற்றின் எக்ஸ்பி டிரைவர்களை இப்போதே இறக்கி ஒரு பென்டிரைவில் போடுங்கள். பழைய மாடல்களுக்கான பக்கங்களைத் தயாரிப்பாளர்கள் நீக்கிவிடுவதுண்டு. அப்படி ஆகியிருந்தால் ஹார்ட் டிஸ்கிலேயே தேடுங்கள். திங்க்பேடில் சி டிரைவுக்குள் எஸ்டபிள்யூடூல்ஸ் என்றொரு ஃபோல்டர் இருந்தால் அது புதையல்: தொழிற்சாலையில் போட்ட டிரைவர்கள் அதற்குள் இருக்கும்.

பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். இப்போது வரும் பெரிய பென்டிரைவ்கள் எக்ஸ்ஃபேட்டில் இருக்கும், புதிதாகப் போட்ட எக்ஸ்பிக்கு அது தெரியாது.

பிறகு, ஹார்ட் டிஸ்கில் இருக்கும் கோப்புகளை இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள். குறிப்பாக சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே எடுத்து வையுங்கள். அந்த எழுத்துரு போனால் கோப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். யூனிகோடில் 'அ' என்றால் எந்தக் கணினியிலும் 'அ'தான். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தார்கள், ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி இடம் ஒதுக்கியது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற பொதுக் குறியாக்கங்கள் வந்தும் பழைய வழக்கம் தொடர்ந்தது. எனவே பாமினி என்ற எழுத்துருவில் கோத்ததைப் பாமினியில்தான் படிக்க முடியும்.

பயாஸில் ஒரே ஒரு மாற்றம்

சார்ஜரைச் செருகிவிட்டு லேப்டாப்பை ஆன் செய்ததும் திங்க்பேடில் எஃப்1 அழுத்துங்கள், விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் என்ற அமைப்புத் திரை வரும். டெல், ஏசர் போன்றவற்றில் பொதுவாக எஃப்2, எச்பியில் எஃப்10. முதலில் தேதி சரியா என்று பாருங்கள். வருடம் பின்னால் போயிருந்தால் தேதியைக் காக்கும் சீமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள்.

அடுத்து கான்ஃபிக் பகுதியில் சீரியல் ஏடிஏ என்பதைத் திறந்தால், ஹார்ட் டிஸ்கோடு பேசும் முறைக்கு ஏஎச்சிஐ, கம்பாட்டிபிலிட்டி என இரண்டு தேர்வுகள் இருக்கும். கம்பாட்டிபிலிட்டியைத் தேர்ந்தெடுத்து எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். வேறு லேப்டாப்களில் இதே தேர்வு ஐடிஇ அல்லது ஏடிஏ என்ற பெயரில் இருக்கும். எக்ஸ்பி சிடியில் ஏஎச்சிஐ டிரைவர் கிடையாது. இதை மாற்றாமல் போனால், நிறுவல் தொடங்கிய சில நிமிடத்தில் 7பி என முடியும் எண்ணோடு நீலத்திரை வரும், அல்லது ஹார்ட் டிஸ்கே இல்லை என்று சொல்லும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. நல்ல டிஸ்க்தான் அது.

நிறுவுதல்

சிடியைப் போட்டு ரீஸ்டார்ட் செய்து எஃப்12 அழுத்தினால் பூட் மெனு வரும். சிடி டிரைவைத் தேர்ந்தெடுங்கள். ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லும், அழுத்துங்கள். நீலத்திரையில் கோப்புகள் ஏறி முடிந்ததும் என்டர், ஒப்பந்தத்துக்கு எஃப்8. பழைய விண்டோஸ் இருந்தால் அதைச் சரிசெய்யவா என்று கேட்கும், எஸ்கேப் அழுத்தி அடுத்த திரைக்குப் போங்கள்.

இப்போது பார்ட்டிஷன், அதாவது டிஸ்கின் பிரிவுகளின் பட்டியல் வரும். இதற்குப் பிறகு திரும்ப முடியாது, காப்பி எடுத்ததை இன்னொருமுறை சரிபார்த்துவிட்டு வாருங்கள். பழைய பார்ட்டிஷன் மேல் நின்று டி, பிறகு என்டர், பிறகு எல். அது அழிந்துவிடும். வெற்று இடத்தின் மேல் சி அழுத்தினால் அளவை எம்பி கணக்கில் கேட்கும். 40960 என்று கொடுத்தால் 40 ஜிபி. மீதி இடத்தில் டி டிரைவ் உண்டாக்கிக் கோப்புகளை அதில் வையுங்கள். நாளை எக்ஸ்பியை மறுபடி போட நேர்ந்தாலும் கோப்புகள் தப்பிக்கும்.

ஃபார்மட் முறையில் என்டிஎஃப்எஸ் தேர்ந்தெடுங்கள், ஆனால் குயிக் என்று போட்டிருப்பதை வேண்டாம். முழு ஃபார்மட் நேரம் எடுக்கும். அதற்குப் பதிலாக டிஸ்கில் கெட்டுப்போன பகுதிகள் இருந்தால் கண்டுபிடித்து ஒதுக்கிவிடும். பதினைந்து வருடத்து டிஸ்குக்கு அந்தப் பரிசோதனை அவசியம்.

கோப்புகள் காப்பி ஆனதும் தானாக ரீஸ்டார்ட் ஆகும். மறுபடியும் ஏதாவது விசையை அழுத்தச் சொல்லும். இந்த முறை எதையும் தொடாதீர்கள். அழுத்தினால் முதலிலிருந்து தொடங்கிவிடும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் 39 நிமிடம் மீதம் என்று காட்டும் திரை வரும். அந்தக் கணக்கை நம்ப வேண்டாம், முன்னப்பின்ன ஆகும். நடுவில் பெயர், புராடக்ட் கீ, நேர மண்டலம் கேட்கும். இணைய இணைப்பு கேட்டால் தவிர்த்துவிடுங்கள். ஆக்டிவேஷனுக்கு (கீயை மைக்ரோசாஃப்ட்டிடம் உறுதிசெய்வதற்கு) 30 நாள் அவகாசம் உண்டு. லேப்டாப் தயாரிப்பாளரே கொடுத்த சிடியை அதே தயாரிப்பாளரின் கணினியில் போட்டால் பெரும்பாலும் அது கேட்கவே கேட்காது.

டிரைவர்கள்

டெஸ்க்டாப் வந்ததும் திரை மங்கலாகப் பெரிது பெரிதாகத் தெரியும். பயப்பட வேண்டாம். முதலில் சிப்செட், ரீஸ்டார்ட், அதன்பின் கிராஃபிக்ஸ், பிறகு மற்றவை. சிப்செட் டிரைவர் இல்லாமல் மற்றதைப் போட்டால் சிலது பாதியில் நிற்கும்.

மை கம்ப்யூட்டர் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஹார்டுவேர், டிவைஸ் மேனேஜர். மஞ்சள் கேள்விக்குறி இருந்தால் அதன் டீடெய்ல்ஸ் பகுதியில் ஒரு நீண்ட எண் இருக்கும். அதில் வென் என்பதை அடுத்து வரும் நான்கு இலக்கம் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும்: 8086 என்றால் இன்டெல், 10டிஇ என்றால் என்விடியா, 10இசி என்றால் ரியல்டெக். டெவ் என்பதை அடுத்து வருவது மாடல். இந்த இரண்டையும் எழுதிக்கொண்டு இன்னொரு கணினியில் தேடினால் சரியான டிரைவர் கிடைக்கும்.

தமிழ்

புது எக்ஸ்பியில் யூனிகோடு தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். கன்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்வேஜ் ஆப்ஷன்ஸ் திறந்து, லாங்வேஜஸ் பகுதியில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்று தொடங்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். சிடி கேட்கும், கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் லதா எழுத்துருவில் தமிழ் ஒழுங்காக வரும். கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு எடுத்து வைத்த பழைய எழுத்துருக்களை ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குள் காப்பி செய்துவிட்டு பேஜ்மேக்கரை நிறுவுங்கள். கோப்பைத் திறக்கும்போது எழுத்துரு இல்லையென்றால் எந்தெந்த எழுத்துரு இல்லை என்று ஒரு பட்டியல் வரும். அதை அப்படியே குறித்துக்கொண்டு, சேமிக்காமல் மூடிவிடுங்கள். அந்தப் பெயர்களை வைத்து, அந்தக் காலத்தில் டிடிபி செய்தவர்களிடம் விசாரியுங்கள். என் நண்பருக்கு விடுபட்ட இரண்டு எழுத்துருக்கள் அடுத்த தெருவில் இருந்த ஒருவரின் பழைய பிளாப்பியில் கிடைத்தன.

வலையிலிருந்து விலக்கி வைத்தல்

டி61-இன் முன்விளிம்பில் வைஃபைக்கு ஒரு ஸ்விட்ச் உண்டு. அதை ஆஃப் செய்துவிடுங்கள், லேன் வயரும் வேண்டாம். 2003-இல் பிளாஸ்டர் என்ற வார்ம், யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே வலை வழியாக எக்ஸ்பிக்குள் நுழைந்தது. 2017-இல் வான்னாக்ரை என்ற இன்னொரு வார்ம் பரவியபோது, ஆதரவு முடிந்து மூன்று வருடமான எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் பேட்ச் (திருத்தம்) வெளியிட வேண்டியிருந்தது. பென்டிரைவ் வழியாகவும் வைரஸ் வரும். எக்ஸ்பி ப்ரொஃபஷனலாக இருந்தால் ஸ்டார்ட், ரன் போய் ஜிபிஎடிட் டாட் எம்எஸ்சி (gpedit.msc) அடித்து, அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம் என்பதற்குள் டர்ன் ஆஃப் ஆட்டோபிளே என்பதை இயக்குங்கள்.

கடைசியாக, எல்லாம் சரியாக ஓடும் நிலையில் டிஸ்கை அப்படியே நகலெடுக்கும் குளோன்ஸில்லா சிடியில் பூட் செய்து ஹார்ட் டிஸ்கின் முழு இமேஜை வெளி டிஸ்கில் எடுத்து வையுங்கள். பிறகு பேஜ்மேக்கர் கோப்பு ஒவ்வொன்றையும் போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர் ஒன்றைத் தேர்ந்து, காகிதத்தில் அடிக்காமல் கோப்பாகப் பிரிண்ட் செய்யுங்கள். அந்தக் கோப்பைப் புதிய கணினிக்குக் கொண்டுவந்து கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில் கொடுத்தால் பிடிஎஃப் ஆகிவிடும். எழுத்துரு உள்ளேயே பதிந்திருக்கும், எந்த போனிலும் திறக்கும். நண்பரின் அலமாரியில் இதுவரை நாற்பத்தோரு கோப்புகள் முடிந்திருக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை சிற்றிதழ்களைத் தொடங்குகிறோம்.