1875ல இல்லாத கௌபாய் தொப்பி: ஃப்ரான்டியர் ரீஎனாக்ட்மென்ட்டுக்கு தொப்பி வாங்குறப்ப பண்ற தப்புங்க

ஃப்ரான்டியர் ரீஎனாக்ட்மென்ட்னா 19ம் நூற்றாண்டு அமெரிக்க வெஸ்ட் ஆளுங்க மாதிரி வேஷம் போட்டு அந்த கால வாழ்க்கையை திருப்பி நடத்திக் காட்டுறது. அதுக்கு சில பேர் எல்லாத்தையும் பாத்து பாத்து சேத்திருப்பாங்க, பூட்ஸ் சரி, சஸ்பெண்டர் சரி, சட்டை பட்டன் கூட எலும்புல செஞ்சது, தலையில மட்டும் ஹைவே ஓரத்து வெஸ்டர்ன் கடையில வாங்குன கௌபாய் தொப்பி. மொத்த வேஷமும் அங்கயே போச்சு. 100 அடி தூரத்துல இருந்து பாக்குறவன் கண்ணுல பட்டன் படாது, தொப்பி தான் படும்.

நானும் இந்த கேஸ் தான். முதல் தடவை நான் போனது ஒரு ஃபர் டிரேட் ரான்டவூ. அதாவது 1825ல இருந்து 1840 வரைக்கும் ராக்கி மலைப்பக்கம் பீவர்ங்கிற ஆத்தோர விலங்கை தோலுக்காக பிடிக்கிறவங்க வருஷத்துக்கு ஒரு தடவை கூடி, தோலை குடுத்துட்டு துப்பாக்கி மருந்து, காபி, சாராயம்னு வாங்கிட்டு போவாங்க இல்ல, அந்த சந்தையை திருப்பி நடத்துறது. நான் ஜம்முனு ரெண்டு பக்கமும் பிரிம் (சுத்தி நீட்டிகிட்டு இருக்க விளிம்பு) மேல சுருண்ட, நடுவுல ஒரு பள்ளம் பக்கத்துக்கு ஒரு பள்ளம்னு அமுக்குன தொப்பியோட போய் நின்னேன். அங்க இருந்த ஒரு பெரியவர் சிரிச்சுகிட்டே "இந்த தொப்பி பொறக்கவே இன்னும் பல வருஷம் இருக்கே"ன்னார். அவர் சொன்னது சரி. ஸ்டெட்சன் தொப்பி கம்பெனியை ஆரம்பிச்ச ஜான் ஸ்டெட்சனே 1830ல தான் பொறந்தார், நான் வேஷம் போட்டது 1837க்கு, அப்போ அவருக்கு 7 வயசு!

அதனால முதல் தப்பு இது தான், "19ம் நூற்றாண்டு வெஸ்ட்"னு மொத்தமா ஒரே மூட்டையா கட்டுறது. 1837ல மலையில சுத்துனவன், 1849ல தங்கம் தோண்ட கலிஃபோர்னியா போனவன், 1875ல டெக்ஸாஸ்ல இருந்து கேன்சஸுக்கு மாடு ஓட்டுனவன், 1890ல டகோட்டாவுல சுரங்கத்துல வேலை பாத்தவன், இவங்க நாலு பேர் தலையிலயும் ஒரே தொப்பி இருக்க வாய்ப்பே இல்ல. எந்த வருஷம், எந்த ஊரு, என்ன வேலை, கையில எவ்ளோ காசு, இது நாலையும் ஒரு பேப்பர்ல எழுதிட்டு அப்புறமா கடைக்கு போங்க. 1837க்கு பாக்கணும்னா ஆல்ஃப்ரெட் ஜேக்கப் மில்லர்னு ஒரு ஓவியர் அந்த வருஷம் நேர்லயே ரான்டவூவுக்கு போய் வரைஞ்சிருக்கார், அதுல கிரவுன் (தலையை மூடுற மேல் பகுதி) உயரம் கம்மியா, பிரிம் தொளதொளன்னு தொங்குற சாதா ஃபெல்ட் (முடியை அழுத்தி செஞ்ச துணி) தொப்பி தான் நிறைய தெரியும்.

அடுத்தது அந்த மடிப்பு. இப்போ கடையில "கௌபாய் தொப்பி"னு கேட்டா எடுத்து குடுக்குறாங்களே, மேல மூணு பள்ளம் வச்சு மெஷின்ல அழுத்துன ஷேப், அதுக்கு கேட்டில்மேன் கிரீஸ்னு பேரு, அது 20ம் நூற்றாண்டு பழக்கம். ஸ்டெட்சன் 1865ல ஃபிலடெல்ஃபியாவுல செய்ய ஆரம்பிச்ச "பாஸ் ஆஃப் த ப்ளெயின்ஸ்" தொப்பி எப்படி இருந்துச்சுன்னா, கிரவுன் உருண்டையா, பள்ளம் எதுவும் இல்லாம சுமார் 4 இன்ச் உயரம், பிரிம் தட்டு மாதிரி சமமா சுமார் 4 இன்ச் அகலம், அவ்ளோதான். கவுத்து வச்ச சட்டி மாதிரி இருக்கும், சினிமா பாத்து வளந்த கண்ணுக்கு முதல்ல பாத்தா சிரிப்பு தான் வரும். கடையில இருந்து மொட்டையா தான் வரும், போட்டவன் கையால பிடிச்சு பிடிச்சு, மழையில நனைஞ்சு, தலைக்கு கீழ வச்சு தூங்கி, அதுவா ஒரு ஷேப் எடுத்துக்கும், ஒவ்வொருத்தனோடதும் ஒவ்வொரு மாதிரி. குழு போட்டோவுல பத்து பேரும் ஒரே அச்சு மடிப்போட நின்னா அங்கயே தெரிஞ்சுடும். அப்புறம் அந்த ராட்சச "டென் கேலன்" தொப்பி, டாம் மிக்ஸ் மாதிரி 1920கள் சினிமா ஹீரோக்களால பரவுனது, மாடு மேய்ச்சவன் கதைக்கு அது வேண்டவே வேண்டாம்.

இன்னொரு விஷயம் சொன்னா நிறைய பேர் நம்ப மாட்டாங்க, பௌலர் தொப்பி. லண்டன் ஆபீஸ் ஆளுங்க போடுறதுன்னு தான நெனப்போம், ஆனா 1849ல லண்டன்ல அதை செஞ்சதே எஸ்டேட்ல வேட்டைக் காவல் பாத்தவங்களுக்கு, குதிரையில போறப்ப மரக்கிளை இடிச்சு உயரமான தொப்பி விழுந்துடுதுன்னு சொல்லி கெட்டியா, உருண்டையா, தலையோட ஒட்டுனாப்ல ஒண்ணு பண்ணாங்க. காத்துல பறக்காது, அதனால வெஸ்ட்லயும் நல்லா ஓடுச்சு, அமெரிக்காவுல அதுக்கு டெர்பின்னு பேரு. 1900 நவம்பர்ல ஃபோர்ட் வொர்த் ஸ்டுடியோவுல புட்ச் கேசிடி, சன்டான்ஸ் கிட் கும்பல் அஞ்சு பேர் எடுத்துகிட்ட போட்டோவை தேடி பாருங்க, ரயில் கொள்ளைக்காரங்க அஞ்சு பேர் தலையிலயும் டெர்பி தான், பேங்க் மேனேஜர் மாதிரி இருப்பாங்க. நீங்க போடுறது ஊர்க்காரன், கடைக்காரன், சூதாடி, ரயில்வே ஆள் வேஷம்னா டெர்பி தான் என் முதல் சாய்ஸ், விலையும் கம்மி, ஆனா ரீஎனாக்டருங்க யாரும் தொட மாட்டேங்குறாங்க, எல்லாருக்கும் கௌபாய் ஆகணும்.

சரி போட்டோ பாத்து வாங்குங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் சொல்றேன், ஆனா அதுலயும் வழுக்குற இடம் இருக்கு. வெட் பிளேட்னு சொல்ற அந்த கால போட்டோ முறையோட கெமிக்கலுக்கு நீலம் தான் நல்லா பிடிபடும், சிவப்பும் மஞ்சளும் பிடிபடாது, அதனால நீலம் வெளுத்து தெரியும், மஞ்சள் பழுப்பு எல்லாம் இருட்டா தெரியும். போட்டோவுல கறுப்பா இருக்குன்னு கறுப்பு தொப்பி வாங்குனா அசல் டான் (வெளிர் பழுப்பு) கலரா இருந்திருக்கலாம். நல்லவனுக்கு வெள்ளை வில்லனுக்கு கறுப்புங்கிறது சினிமா கணக்கு, கறுப்பு அன்னைக்கு எல்லாரும் போட்ட சாதா கலர். அப்புறம் டின்டைப், அதாவது மெல்லிய இரும்புத் தகட்டுல எடுக்குற போட்டோ, கண்ணாடி மாதிரி இடம் வலம் மாறி விழும். பில்லி த கிட்னு அந்த கால துப்பாக்கிக்காரன் படம் ஒண்ணு இருக்கே, 2011 ஏலத்துல 23 லட்சம் டாலருக்கு போச்சே, அதுல துப்பாக்கி இடது இடுப்புல தெரியுதுன்னு அவன் இடது கைக்காரன்னே ரொம்ப நாள் சொல்லிகிட்டு இருந்தாங்க, கடைசியில படம் திரும்பியிருக்குன்னு அவன் வச்சிருந்த வின்செஸ்டர் ரைஃபிளை பாத்து கண்டுபிடிச்சாங்க. தொப்பி ரிப்பனோட முடிச்சு எந்தப் பக்கம்னு டின்டைப்பை பாத்து காப்பி அடிச்சா அதே கதி தான்.

ஸ்டுடியோ போட்டோவை விட வெளியில எடுத்ததை நம்புங்க, ஸ்டுடியோவுக்கு போனவன் இருக்குறதுல நல்லதை போட்டுகிட்டு போவான், சில இடத்துல கடைக்காரனே தொப்பி துப்பாக்கி எல்லாம் குடுப்பான். 1887ல இருந்து 1892 வரைக்கும் டகோட்டா பக்கம் கிராபில்னு ஒருத்தர் எடுத்தது, நெப்ராஸ்காவுல 1886ல ஆரம்பிச்சு சாலமன் புட்சர் மண் வீட்டு முன்னாடி குடும்பம் குடும்பமா நிக்க வச்சு எடுத்தது, இதெல்லாம் நெட்லயே கிடைக்குது, ஜூம் பண்ணி தலையை மட்டும் பாருங்க, ஒரு சாயந்தரம் போறதே தெரியாது.

துணி மேட்டருக்கு வரேன், பர்ஸ் இங்க தான் அடி வாங்கும். ஃபெல்ட்ல ரெண்டு வகை, கம்பளி ஃபெல்ட், அப்புறம் பீவர், முயல் மாதிரி மிருக முடியில செய்யுற ஃபர் ஃபெல்ட். கம்பளி தொப்பி அன்னைக்கும் இருந்துச்சு, ஏழைங்க போட்டாங்க, அதனால கம்பளியே தப்புன்னு சொல்ற ஆளுங்க பேச்சை கேக்காதீங்க. பிரச்சனை என்னன்னா இப்போ வர்ற மலிவு கம்பளி தொப்பி பசை போட்டு விறைப்பா இருக்கும், ஒரு மழையில அப்பளம் நமத்த மாதிரி ஆயிடும். ஃபர் ஃபெல்ட் ஒரு தடவை சில நூறு டாலர் போனாலும் வருஷக்கணக்கா உழைக்கும். பெட்டியில தரத்தை காட்டுறதுக்குன்னு போட்டிருக்க எக்ஸ் (X) எண்ணிக்கையை பாத்து ஏமாறாதீங்க, அதுக்கு எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. உள்ள ஸ்வெட்பேண்ட், அதாவது நெத்தியில படுற வேர்வைப் பட்டை, லெதரா இருக்கணும், நுரை ரப்பரோ வெல்க்ரோவோ இருந்தா ஒரு தடவை கழட்டுனாலே மானம் போயிடும். பிரிம் ஓரத்துல கம்பி வச்சு வளைக்குற மாடல், வெள்ளி பக்கிள் செட், இறகு கொத்து, எல்லாத்தையும் தள்ளுங்க, சாதா ரிப்பன் போதும்.

காசு இல்லையா, கேட்டில்மேன் மடிப்போட இருக்க பழைய ஃபர் ஃபெல்ட் தொப்பி ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல பிடிங்க. இட்லி சட்டியோ கெட்டிலோ, நல்லா ஆவி வர்ற எதுலயாவது காமிச்சு, ஃபெல்ட் இளகுனதும் உள்ள இருந்து முட்டியால பள்ளத்தை வெளிய தள்ளுங்க, பிரிமையும் ஆவி காமிச்சு மேஜையில பரப்பி அழுத்துங்க, ராத்திரி பூரா காய விடுங்க. நான் ரெண்டு தொப்பி இப்படி பண்ணிருக்கேன், மடிப்போட கோடு லேசா தெரியும், அது பரவால்ல.

ஆனா அசல்னு சொல்லி நிஜமாவே 1880 தொப்பியை ஏலத்துல எடுத்து போட்டுக்காதீங்க. அந்த காலத்துல முடியை ஃபெல்ட் ஆக்க பாதரச நைட்ரேட் தடவுவாங்க, கனெக்டிகட்ல டான்பரி ஊர் தொப்பி தொழிலாளிங்களுக்கு கை நடுங்கி நடுங்கி அந்த நோய்க்கு "டான்பரி ஷேக்ஸ்"னே பேரு வந்துச்சு, அமெரிக்காவுல அதை நிறுத்துனதே 1941ல தான். பழைய தொப்பியில பாதரசம் இன்னும் மிச்சம் இருக்கலாம்.

ராணுவ வேஷம்னா ஒரே வார்த்தை, எந்த தொப்பிக்கு எந்த வருஷம் ராணுவ உத்தரவு வந்துச்சுன்னு பாருங்க. 1858 மாடல் ஒரு பக்கம் பிரிமை தூக்கி குத்துன கறுப்பு தொப்பி, 1872ல வந்த மடக்கு தொப்பி சீக்கிரமே நஞ்சு போய் சிப்பாய்ங்க திட்டுனது, 1876ல இன்னொரு கறுப்பு, 1883ல தான் அந்த மண் கலர் தொப்பி. நம்ம ஸ்கவுட் மாஸ்டர் போடுவாரே நாலு பக்கம் அமுக்குன கூம்பு, அது ராணுவத்துல அதிகாரப்பூர்வமா ஆனது 1911ல, 1876ல கஸ்டர்ங்கிற ராணுவ அதிகாரி செத்துப்போன சண்டையை நடத்துறப்ப அதை போட்டுகிட்டு வர்றவங்க இன்னும் இருக்காங்க.

ராக்கூன் வால் தொங்குற தொப்பி பத்தி கேப்பீங்க. 1954-55 டிவி தொடரால குழந்தைங்க கிட்ட பைத்தியமா பரவுனது, அந்த தொப்பியோடயே எல்லாரும் நெனைக்குற பழைய காட்டு வேட்டைக்காரர் டேனியல் பூனுக்கு அது பிடிக்காது, அவர் ஃபெல்ட் தொப்பி ஆள். பொண்ணுங்களுக்கு கணவனோட கௌபாய் தொப்பியை வச்சு விடுறாங்க, அதுக்கு பதிலா சன்போனட் (வெயிலுக்கு போடுற துணித் தொப்பி) தைங்க, ஒரு சாயந்தர வேலை தான். முகத்தை சுத்தி நீட்டிகிட்டு இருக்க பகுதியில பட்டை பட்டையா பாக்கெட் தைச்சு அட்டைத்துண்டு சொருகுற ஸ்லாட் போனட் இன்னும் நல்லது, துவைக்கறப்ப அட்டையை உருவிடலாம்.

கடைசியா, புது தொப்பியை பழசாக்குறேன்னு சாண்ட்பேப்பர் போட்டு தேய்ச்சு, காபி ஊத்தி, ஓட்டை போட்டு குப்பைத்தொட்டியில எடுத்த மாதிரி ஆக்காதீங்க. அன்னைக்கும் ஆளுங்க புது தொப்பி வாங்குனாங்க, பிரஷ் போட்டு துடைச்சாங்க. வேர்வையும் தூசியும் ரெண்டு சீசன்ல தானா ஏறும். நனைஞ்சா ஸ்வெட்பேண்டை வெளிய மடிச்சு அது மேலயே நிக்க வச்சு நிழல்ல காய விடுங்க, நெருப்பு பக்கத்துல வச்சா லெதர் சுருங்கிடும், நான் கேம்ப் ஃபயர் ஓரமா வச்ச என்னோட முதல் நல்ல தொப்பி இப்போ எங்க வீட்டு எட்டு வயசு பொண்ணுக்கு கச்சிதமா இருக்கு.